சார்ள்ஸ் என்ற நாயும் ஒரு வெள்ளைத் துணியும்

1904 டிசம்பர் 16. லெனார்ட் வூல்ஃப் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்குகிறார். வயசு 24, சிவில் சேவையில் புது ஆள். பெட்டி பெட்டியாக வோல்டேயரின் புத்தகங்கள். கூடவே சார்ள்ஸ் என்ற ஃபொக்ஸ் ரெரியர் நாய். அவர் வந்த கம்பெனிக் கப்பலில் நாய் ஏற்ற மாட்டார்கள் என்பதால் சார்ள்ஸ் வேறு கப்பலில் வந்தது. கரைக்கு வந்து சேர்ந்ததும் அந்தச் சந்தோஷத்தில் அங்குமிங்கும் ஓடிய நாய், தெருவோரம் நின்ற ஒரு சிங்களவரின் வெள்ளைத் துணியில் காலைத் தூக்கிச் சிறுநீர் கழித்துவிட்டது.

இதை வூல்ஃபே 1961இல் வெளிவந்த தன் 'குரோயிங்' என்ற சுயசரிதையில் எழுதியிருக்கிறார். யாரும், அந்த மனிதர் உட்பட, இதைப் பெரிசாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லையாம். அங்கேதான் எங்களுக்கு இடித்தது. புதுசாக வந்த வெள்ளைக்காரத் துரையின் நாய் அது. அந்த மனிதர் வேற என்னதான் சொல்லியிருக்கலாம்?

இந்தப் பந்தியை நாங்கள் தேடிப் படிக்கவில்லை, வேறு பாடத்துக்காகப் படிக்கும்போது கண்ணில் பட்டது. அந்த நேரம் பார்த்து வெள்ளவத்தையில் நாங்கள் மூன்று பேர் இருக்கிற அனெக்ஸில் ஒரு நாய்க்குட்டி இருந்தது. கால்வாய்க் கரையில் எடுத்த கட்டாக்காலிக் குட்டி. கதவைத் திறந்தால் போதும், வாறவர் போறவர் எல்லார் மேலையும் பாயும். எங்களுக்கு அது பாசம். கொட்டாஞ்சேனையில இருந்து பஸ் பிடித்து எங்களுக்குச் சமைக்க வாற அக்காவுக்கு அப்படி இல்லை. முதல் நாளே சட்டையில் சேறு. "பரவாயில்லை தம்பி" என்று சிரித்தா. நாங்களும் சிரித்தோம். மூன்றாம் கிழமைதான் கவனித்தோம், அக்கா கதவைத் தட்டிவிட்டு இரண்டு படி கீழே இறங்கி நிற்கிறா. சின்ன வயசில் நாய் கடித்ததாம். கேட்ட பிறகுதான் சொன்னா.

கொழும்பில் நாய்க்குச் சட்டம் இல்லை என்று இல்லை. 1893ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க விசர்நாய்க்கடிக் கட்டளைச் சட்டம், 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்ப் பதிவுக் கட்டளைச் சட்டம் என்று வூல்ஃப் வருவதற்கு முன்னமே இரண்டும் வந்துவிட்டன. ஒன்றின் கவலை விசர், மற்றதின் கவலை நாய்க்குச் சொந்தக்காரன் யார் என்பது. பிடித்துக் கொல்வதுதான் நூறு வருடத்துக்கு மேலாக நடந்தது. 2006இல்தான் அரசாங்கம் கொல்வதை நிறுத்தி, தடுப்பூசி, கருத்தடை என்ற வழிக்குத் திரும்பியது. நல்லதுதான். ஆனால் வளர்ப்பு நாய் ஒருவர் மேல் பாய்ந்தால் அது வீட்டுக்காரரின் பாடு.

சரி, பாயாமல் பழக்குவது எப்படி? இதற்கும் ஒரு வரலாறு இருக்கு. ஜேர்மனியில் பொலிஸ் நாய்களைப் பழக்கிய கொன்ராட் மொஸ்ட் 1910இல் ஒரு கைநூல் எழுதினார். கட்டாயப்படுத்துவது அதில் பெரிய பங்கு, பிறகு அது இராணுவங்களுக்கும் போனது. அந்த வழியில் வந்த அறிவுரைதான் பாயிற நாயை முழங்காலால் நெஞ்சில் இடி, பின்னங்காலை மிதி என்பதெல்லாம். எங்கள் வீட்டு மாமாக்கள் இப்பவும் இதைத்தான் சொல்லுவினம். மறுபக்கம் பி. எஃப். ஸ்கின்னர் 1951இல் ஒரு கட்டுரையில், 'டிக்' என்று சத்தம் போடும் ஒரு விளையாட்டுப் பொருளும் கொஞ்சச் சாப்பாடும் இருந்தால் வீட்டிலேயே விலங்கைப் பழக்கலாம் என்று எழுதினார். கரன் பிரையரின் 1984 புத்தகம் அதைச் சாதாரண ஆக்களிடம் கொண்டுபோனது.

விஷயம் லேசானது. குட்டிகள் தாயின் வாயை நக்கத்தான் மேலே எட்டுகின்றன, மனிதரின் முகம் உயரத்தில் இருப்பதால் பாய்கின்றன. நாங்கள் "ஏய், இறங்கு!" என்று கத்தித் தள்ளினாலும் அதற்கு அது விளையாட்டு, கிடைப்பது கவனம். ஆகவே பாய்ந்தால் முதுகைக் காட்டித் திரும்ப வேணும், கதைக்கக் கூடாது. நாலு காலும் தரையில் பட்ட அந்த நொடியே ஒரு துண்டு சாப்பாடு, குனிந்து ஒரு தடவல். முதல் சில நாளில் பாய்ச்சல் கூடும், ஏனென்றால் முன்பு பலித்த வித்தை இப்ப பலிக்கவில்லை. அப்போது யாராவது ஒருவர் மனமிரங்கிக் கொஞ்சினால் முழுக்கப் பாழ். எங்களில் ஒருவர் (யார் என்று சொல்ல மாட்டோம்) இரண்டு கிழமையைப் பாழாக்கினார்.

ஒன்று மட்டும் புத்தகப்படி செய்யவில்லை. வாறவரும் முதுகு காட்ட வேணும் என்று இருக்கு. நாய்க்குப் பயந்த அக்காவை எங்கள் குட்டிக்குப் பாடசாலை ஆக்குவது நியாயமா என்று நாங்கள் இரவு சண்டை பிடித்தோம். கடைசியில் அக்கா வாற நேரம் கயிற்றைப் போட்டு உள் அறையில் கட்டினோம், பழக்கத்துக்கு எங்கள் நண்பர்கள் வந்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

சார்ள்ஸ் பிறகு யாழ்ப்பாணம் போனது. அங்கே அது ஒரு பூனையையும் ஒரு பாம்பையும் கொன்றதால் வெள்ளைக்காரர் மத்தியில் வூல்ஃபுக்கு மதிப்புக் கூடியதாக அவரே எழுதுகிறார். நாயின் பெயர் எங்களுக்குத் தெரியும். துணி நனைந்தவரின் பெயர் புத்தகத்தில் இல்லை.

குட்டிக்கு இப்ப ஏழு மாதம். மீன்காரர் வந்தால் இன்னும் பாயுது. அக்கா போன கிழமை படி இறங்காமல் கதவடியிலேயே நின்றா, ஆனால் பையை முன்னுக்குப் பிடித்துக்கொண்டுதான்.