குவாண்டம் பின்னல்: சென்னையில் உருவான ஒரு சோதனை

இரண்டு துகள்கள் எவ்வளவு தொலைவு பிரிந்து சென்றாலும், தனித்தனியே விவரிக்க இயலாதபடி ஒரே அமைப்பாக இருக்கும் நிலை குவாண்டம் பின்னல் எனப்படும். 1935 ஆம் ஆண்டில் ஓர் ஐயமாகத் தொடங்கிய இக்கருத்து, இன்று ரகசியத் தகவல் தொடர்புக்குப் பயன்படுகிறது. இரண்டு ஒளிக்கற்றைகள் பின்னியுள்ளனவா இல்லையா என்பதைக் கண்டறியும் முக்கியமான வழி ஒன்று 2000 ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து கிடைத்தது.

தோற்றம்

1935 இல் ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை, குவாண்டம் இயக்கவியல் முழுமையான கோட்பாடுதானா என்று கேட்டது. அதற்கு நீல்ஸ் போர் அதே ஆண்டில் மறுப்பு எழுதினார். இந்நிலைக்குப் 'பின்னல்' என்ற பொருள்படும் பெயரை வைத்தவர் ஷ்ரோடிங்கர். அதுவும் 1935 இல்தான்.

பனியனும் ஃபோட்டானும்

திருப்பூர் காதர்பேட்டையில் ஒரு வியாபாரி, சிவப்புப் பனியன் ஒன்றையும் நீலப் பனியன் ஒன்றையும் தனித்தனிப் பெட்டிகளில் இட்டு, ஒன்றைச் சென்னைக்கும் மற்றதை டெல்லிக்கும் அனுப்புவதாகக் கொள்வோம். சென்னைப் பெட்டியைத் திறந்து சிவப்பைக் கண்டவர், டெல்லிக்குப் போனது நீலம் என்று உடனே சொல்லிவிடுவார். இதில் வியப்பு ஒன்றுமில்லை. நிறம் பெட்டியை மூடும்போதே முடிவாகிவிட்டது.

துகள்களும் இப்படித்தானா? ஜான் பெல் 1964 இல் இக்கேள்வியைச் சோதிக்கத்தக்க கணக்காக மாற்றினார். பின்னர் 1981 இல், இரு கால்களிலும் வெவ்வேறு நிறக் காலுறை அணியும் தம் சக ஆய்வாளர் பெர்ட்ல்மானை எடுத்துக்காட்டாக வைத்து இதையே விளக்கினார். பண்புகள் முன்பே முடிவானவை என்றால், இரு இடங்களிலும் கிடைக்கும் அளவீடுகளின் ஒற்றுமைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 1969 இல் அமைக்கப்பட்ட வடிவத்தில் அந்த வரம்பு 2. குவாண்டம் கோட்பாடோ ஏறத்தாழ 2.83 வரை போகலாம் என்கிறது.

1972 இல் ஃப்ரீட்மன், கிளவுசர் ஆகியோரும், 1982 இல் அலைன் ஆஸ்பெ குழுவினரும் செய்த சோதனைகள் குவாண்டம் கோட்பாட்டின் பக்கமே நின்றன. கிளவுசர், ஆஸ்பெ, சைலிங்கர் மூவருக்கும் 2022 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. எனினும் பின்னலைக் கொண்டு ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது. ஒவ்வொரு முனையிலும் கிடைப்பது தற்செயலான விடையே; இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால்தான் தொடர்பு தெரியும்.

சென்னையின் பங்கு

அல்லாடி இராமகிருஷ்ணன் தம் வீட்டில் நடத்திவந்த கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்குகளை, 1960 இல் இந்தியா வந்த நீல்ஸ் போர் பாராட்டினார். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1962 இல் சென்னையில் கணித அறிவியல் நிறுவனம் தோன்றியது. தற்போது தரமணியில் உள்ள இந்நிறுவனத்துக்கு, 1980களில் ஈ.சி.ஜி. சுதர்சன் இயக்குநராக இருந்தார். அவரோடும் ந. முகுந்தாவோடும் ஒளியியல் ஆய்வுகள் செய்தவர் ஆர். சைமன்.

1996 இல் ஆஷர் பெரசும் ஹொரோடெக்கி குடும்பத்தினரும் பின்னலைக் கண்டறிய ஒரு சோதனையைத் தந்திருந்தனர். மிகச் சிறிய அமைப்புகளுக்கு மட்டுமே அது முழுத் தீர்ப்பு வழங்கியது. ஒளிக்கற்றையின் மின்புலமோ இடம், உந்தம் போலத் தொடர்ச்சியாக மாறும் அளவுகளைக் கொண்டது. அங்கே அச்சோதனையை எப்படிப் பயன்படுத்துவது என்பது கேள்வியாக இருந்தது.

சைமன் காட்டிய வழி எளிமையானது. இரண்டு கற்றைகளில் ஒன்றின் உந்தத்துக்கு மட்டும் கணக்கில் குறியை மாற்ற வேண்டும். இது கண்ணாடியில் பிம்பம் பார்ப்பது போன்றது. பின்னல் இல்லையென்றால், மாற்றிய பிறகும் ஹைசன்பெர்க்கின் நிச்சயமின்மைக் கோட்பாடு மீறப்படாது. மீறப்பட்டால் பின்னல் உண்டு என்பது உறுதி. காஸியன் வகை ஒளிக்கற்றை இணைகளுக்கு இது இருபுறமும் தீர்ப்பளிக்கும். மீறல் இல்லையென்றால் பின்னலும் இல்லை. இதற்குத் தேவை 4×4 சமச்சீர் அணி ஒன்றின் 10 எண்களே. அவற்றை ஆய்வகத்தில் அளந்துவிடலாம்.

2000 மார்ச்சில் 'பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ்' இதழில் இக்கட்டுரை வெளியானது. துவான், கீட்கே, சிராக், சோலர் ஆகியோர் தனியே கண்டறிந்த இதையொத்த முடிவும் அதே இதழில் இடம்பெற்றது. ஒளிக்கற்றைப் பின்னலை ஆய்வு செய்வோர் இன்றும் இவ்விரு கட்டுரைகளையும் சேர்த்தே குறிப்பிடுகின்றனர்.

இந்தியாவில் சோதனைகள்

2022 ஜனவரியில் அகமதாபாத்தின் விண்வெளிப் பயன்பாட்டு மையமும் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகமும் பின்னிய ஃபோட்டான்களைக் கொண்டு 300 மீட்டர் தொலைவுக்கு ரகசியக் குறியீட்டைப் பகிர்ந்தன. 2025 இல் டெல்லி ஐ.ஐ.டி. வளாகத்தில் அத்தொலைவு 1 கிலோமீட்டரைத் தாண்டியது. சீனா 2017 இலேயே செயற்கைக்கோள் வழியாக 1,200 கிலோமீட்டர் இடைவெளியில் பின்னிய ஃபோட்டான்களை விநியோகித்திருந்தது. இந்த இடைவெளியைக் குறைக்க, 2023 ஏப்ரலில் ரூ. 6,003.65 கோடியில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. அதன் தகவல் தொடர்புப் பிரிவுக்குச் சென்னை ஐ.ஐ.டி. மையமாக உள்ளது.

முக்கியத்துவம்

ரகசியக் குறியீட்டின் பாதுகாப்பு, பின்னல் கெடாமல் இருப்பதைப் பொறுத்தது. இடையில் ஒருவர் ஒட்டுக்கேட்டால் பின்னல் குலையும். அளவீட்டில் அது தெரிந்துவிடும். ஆகவே பின்னலை உருவாக்குவதைப் போலவே, அது உண்மையில் இருக்கிறதா என்று சரிபார்ப்பதும் இன்றியமையாதது. விலையுயர்ந்த கருவிகள் ஏதுமின்றி, தாளும் பேனாவும் கொண்டு செய்த சென்னைக் கணக்கு அந்தச் சரிபார்ப்புக்கு அடிப்படைகளில் ஒன்றாக நிற்கிறது.