அறுபது கிராமின் ஏற்ற இறக்கம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி ரோசோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. போலாரிஸ் நிறுவனத்தின் ஸ்னோமொபைல்கள் (பனியில் ஓடும் வண்டிகள்) பிறந்த ஊர் அது. அவற்றில் ஒன்றின் கிளட்சுக்குள் குடியிருக்கும் ஒரு துண்டு எஃகின் கதைதான் இது. வளைந்த முதுகு, ஒரு முனையில் துளை, எடை சுமார் 60 கிராம். அதே எடையில் இன்னும் இரண்டு துண்டுகள் எப்போதும் அதனோடு சேர்ந்தே சுழலும்.

ஸ்னோமொபைலில் படிப்படியாக மாற்றும் கியர் கிடையாது. எஞ்சின் தண்டின் முனையில் சரிவான முகம் கொண்ட இரண்டு தட்டுகள், அவற்றுக்கு நடுவே பெல்ட். தட்டுகளை ஸ்பிரிங் விலக்கிப் பிடித்திருக்கும். எஞ்சின் வேகமெடுத்தால் அந்த மூன்று துண்டுகளும் (அவற்றுக்கு ‘எடை’ என்றே பெயர்) வெளிப்பக்கம் விரிந்து கிளட்சின் உருளைகளை அழுத்தும். தட்டுகள் நெருங்க, பெல்ட் மேலேறும். நம் தெருவில் ஓடும் கியரில்லா ஸ்கூட்டரின் வேரியேட்டருக்குள் இருக்கும் ரோலர்களும் இதே குலம்தான். நிமிடத்துக்கு 8,000 சுற்றில், அச்சிலிருந்து 6 செ.மீ. தள்ளிச் சுழலும் 60 கிராம் துண்டு ஏறத்தாழ 250 கிலோ பாரத்தின் விசையோடு வெளியே இழுக்கும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எடையில் இரண்டு கிராம் வித்தியாசத்துக்குக்கூட ஏன் மரியாதை என்பது விளங்கும்.

ரோசோ கடல்மட்டத்துக்கு மேல் 320 மீட்டர் அளவில்தான் இருக்கிறது. உறைந்த ஏரிகளிலும் சமவெளியிலும் எடைக்கு முதல் குளிர்காலம் சுகமாகக் கழிகிறது. பிறகு வண்டிக்காரருக்கு மலை ஆசை வருகிறது. மொன்டானாவின் வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஊரே 2,000 மீட்டருக்கு மேல். சுற்றியுள்ள தடங்கள் அதைவிட உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டர்போ இல்லாத எஞ்சினின் வலுவும் அதற்கேற்பக் குறையும். எடையோ பழைய பாரத்தோடே தட்டை நெருக்கும். முழு த்ராட்டில் கொடுத்தும் சுற்று ஏறாமல் எஞ்சின் திணறும். எஞ்சினில் கோளாறு தேடிப் பயனில்லை.

எனவே பயணத்துக்கு முன் வீட்டுக் கராஜிலேயே எடை மாற்றும் வேலை நடக்கிறது. பக்கத் தகட்டைக் கழற்றி, கிளட்சின் காப்பை எடுத்து, பெல்ட்டின் மறுமுனையில் உள்ள பின் கிளட்சைச் சற்றே விரித்துப் பெல்ட்டை உருவ வேண்டும். போலாரிஸின் பி-85 கிளட்சில், எஞ்சினிலிருந்து கிளட்சைப் பிரிக்காமலே எடையைத் தாங்கும் ஊசியை உருவிவிடலாம். திரும்பப் பூட்டும்போது அந்த ஊசியின் நட்டு, கிளட்ச் சுழலும் திசைக்குப் பின்புறமாக அமைய வேண்டும். நட்டை முறுக்கும் அளவையும் கையேட்டைப் பார்த்தே வைக்க வேண்டும். உள்ளே கறுப்பாகப் பெல்ட் தூள் அப்பியிருக்கும். துடைத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் விடலாமே என்று கை துறுதுறுக்கும். விடக் கூடாது. இந்த இடம் உலர்ந்தே ஓட வேண்டும். எண்ணெய் பட்டால் தூள் பசையாகிவிடும், பெல்ட் வழுக்கும்.

கையேட்டின் உயர அட்டவணைப்படி இலகுவான மூன்று எடைகள் உள்ளே போகின்றன. நம் எடை, கருவிப்பெட்டியில், டிரக்கின் பின்னால் மலையேறுகிறது. உழைக்காமல் அது போகும் ஒரே பயணம் இதுதான். மலையில் டாக்கோமீட்டர் முள் உரிய எண்ணில் நின்றால் மாற்றியது சரி. ஊர் திரும்பியதும் மறக்காமல் பழைய எடையைப் பூட்ட வேண்டும். அடர்ந்த காற்றில் வலு திரும்பிய எஞ்சினை இலகுவான எடையால் அடக்க முடியாது. எல்லை மீறிச் சுற்றும்.

2020 மாடலில் ஸ்கீ-டூ என்ற மற்றொரு ஸ்னோமொபைல் பிராண்ட், தொழிற்சாலையிலேயே டர்போ பொருத்தி ஒரு டூ-ஸ்ட்ரோக் வண்டியைக் கொண்டுவந்தது. மலையிலும் வலு குறையாத அத்தகைய எஞ்சினில் இந்த மாற்றும் வேலைக்குத் தேவை குறைவு. ஆனால் டர்போ இல்லாத வண்டிகளும் ஏராளமாக ஓடுகின்றன. அவற்றின் கிளட்சுக்குள் எடைக்கு வயதாவது இரண்டு இடத்தில் தெரியும்: துளையின் புஷ் தளரும், உருளை அழுத்தும் முதுகில் பள்ளம் விழும். அப்போது ஒன்றை மட்டும் மாற்றுவது தப்பு. மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். எடை சமமில்லாமல் சுழன்றால், அந்த அதிர்வை கிராங்க் தண்டின் பேரிங்தான் தாங்க வேண்டியிருக்கும்.