நரம்பு விடும் பொதிகளை எண்ணுவது எப்படி?

கொஸ்லந்தை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு உயர்தர உயிரியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். நரம்புத்தசைச் சந்தி பற்றிய பாடத்தில் ஒரு வசனம் வரும்: நரம்பின் முனையிலிருந்து அசற்றைல்கோலின் என்ற இரசாயனம் சிறு சிறு பொதிகளாக வெளிவந்து தசையை இயக்குகிறது. ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "சேர், அந்தப் பொதியைக் கண்ணால பார்த்தா எண்ணினாங்க?"

இல்லை. கண்ணால் பார்த்து எண்ணவில்லை. கணக்குப் போட்டே எண்ணினார்கள். அந்தக் கணக்குக்குக் குவாண்டல் பகுப்பாய்வு என்று பெயர். கட்டுவிரியன் கடித்தவருக்கு எந்த மருந்து பலன் தரும், எது தராது என்பதை விளங்கிக்கொள்ளவும் இது உதவுகிறது. ஆகவே பாடப்புத்தகத்துக்கு வெளியேயும் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இதன் நடுநாயகம் பேர்னாட் கட்ஸ். ஜேர்மனியின் லைப்சிக் நகரில் 1911இல் பிறந்த யூதர். ஹிட்லரின் ஆட்சியிலிருந்து தப்பி 1935இல் இங்கிலாந்து வந்தபோது அவருக்கு எந்த நாட்டின் குடியுரிமையும் இருக்கவில்லை. நாடற்றவர் என்ற சொல்லின் பொருளை, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அவர் செய்த ஆய்வுகளுக்காக 1970இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார்.

கட்ஸும் போல் ஃபற் என்பவரும் தவளையின் தசையில் நுண்ணிய மின்வாயைச் செருகிப் பார்த்தபோது, நரம்பைத் தூண்டாமலே தசையில் அரை மில்லிவோல்ற்று அளவிலான சிறு துடிப்புகள் தாமாகவே தோன்றின. இதை அவர்கள் 1952இல் விரிவாக வெளியிட்டார்கள். துடிப்புகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. அப்படியானால் ஒரு துடிப்பு என்பது ஒரு பொதியா? நரம்பைத் தூண்டும்போது வரும் பெரிய சைகை, இப்படிப் பல பொதிகள் ஒரே நேரத்தில் வருவதுதானா?

சாதாரண நிலையில் ஒரு தூண்டலுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பொதிகள் வெளிவருவதால் எண்ண முடியாது. ஆகவே 1954இல் கட்ஸும் ஹொசே டெல் கஸ்தியோவும் சுற்றியுள்ள கரைசலில் கல்சியத்தைக் குறைத்து மக்னீசியத்தைக் கூட்டினார்கள். அப்போது ஒரு தூண்டலுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்றே பொதிகள் வந்தன. சில தூண்டல்களுக்கு ஒன்றுமே வரவில்லை. அந்த வெறும் தூண்டல்களை அவர்கள் தள்ளிவிடாமல் எண்ணிக்கொண்டார்கள்.

பெரட்டுக்களத்தை வைத்து இதைச் சொல்லலாம். கடும் மழைக்காலம். தோட்டத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒருவர் வேலைக்கு வரும் நிகழ்தகவு மிகச் சிறியது. ஒருவர் வருவது இன்னொருவரைப் பொறுத்ததும் அல்ல. அப்படியானால் ஒருவருமே வராத காலைகள் எத்தனை என்று தெரிந்தால் போதும். ஒரு காலைக்குச் சராசரியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று கணித்துவிடலாம். இதற்கு உதவுவது பொய்சோன் பரம்பல். மொத்த முயற்சிகளை வெறும் முயற்சிகளால் வகுத்து, வரும் எண்ணின் இயற்கை மடக்கையை எடுத்தால் அதுவே சராசரி.

இயன் பொய்ட், மார்ட்டின் ஆகிய இருவரும் 1956இல் பூனையின் தசையில் இதைச் சோதித்தார்கள். 198 தூண்டல்களில் 18 வெறுமையாகப் போயின. 198ஐ 18ஆல் வகுத்தால் 11. அதன் இயற்கை மடக்கை ஏறத்தாழ 2.4. வேறு வழியிலும் பார்க்கலாம். தூண்டலுக்கு வந்த சைகையின் சராசரி 0.933 மில்லிவோல்ற்று, தனிப்பொதி ஒன்றின் சராசரி 0.4 மில்லிவோல்ற்று. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் 2.33. ஒன்று வெறுமைகளை மட்டும் எண்ணுகிறது, மற்றது அளவுகளை மட்டும் பார்க்கிறது. இரண்டும் ஏறத்தாழ ஒரே விடையைத் தருகின்றன. பொதி என்ற கருத்து நிலைபெற்றது இப்படித்தான்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. பொதி வெளிவரும் நிகழ்தகவு பெரிதாக இருந்தால் பொய்சோன் பொருந்தாது, ஈருறுப்புப் பரம்பல் தேவை. நிகழ்தகவைப் படிப்படியாகக் கூட்டும்போது சைகையின் மாறற்றிறன் முதலில் ஏறி, பின்னர் இறங்கும். எல்லா இடங்களிலும் தவறாமல் பொதி வந்தால் ஏற்ற இறக்கத்துக்கு இடமில்லை அல்லவா? இடைக்கு எதிரே மாறற்றிறனை வரைந்தால் கிடைக்கும் அந்த வளைவிலிருந்து பொதியின் அளவையும், பொதி வெளிவரும் இடங்களின் எண்ணிக்கையையும் மதிப்பிடலாம்.

வெறுமை என்று பதிவானது உண்மையில் வெறுமையா என்பதையும் கேட்க வேண்டும். பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டும் குரல் வராவிட்டால், ஆள் வராமல் இருக்கலாம். வந்தும் பதில் சொல்லாமல் இருக்கலாம். மூளையில் இப்படியான மௌன இணைப்புகள் இருப்பதை 1995இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அங்கே இரசாயனம் வெளிவந்தாலும் அதை ஏற்கும் வாங்கிகள் பதில் தருவதில்லை. வெளிவராத பொதிக்கும் பதில் கிடைக்காத பொதிக்கும் பதிவில் வேறுபாடு தெரியாது.

இனிப் பாம்புக்கு வருவோம். கொஸ்லந்தையிலிருந்து வெல்லவாயப் பக்கம் இறங்கினால் உலர் வலயம் தொடங்கிவிடும். வன்னியைப் போலவே அதுவும் கட்டுவிரியனின் நிலம். இரவில் நிலத்தில் படுத்துறங்குபவர்களையே அது பெரும்பாலும் கடிக்கிறது. இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே உறங்கியவர்களுக்கு அந்தப் பயம் தெரியும்.

தாய்வானில் சாங், லீ என்ற இருவர் அங்குள்ள கட்டுவிரியன் இனமொன்றின் நஞ்சிலிருந்து இரண்டு வகை நச்சுப் பொருட்களை 1963இல் பிரித்தெடுத்தார்கள். ஒன்று தசையிலுள்ள வாங்கிகளை அடைக்கிறது. பொதிகள் வழமைபோல வந்தாலும் ஒவ்வொன்றின் விளைவும் சிறுத்துப்போகும். மற்றது நரம்பு முனையைத் தாக்குகிறது. பொதியின் அளவு பெரிதாக மாறாது, எண்ணிக்கைதான் குறைந்து குறைந்து ஒன்றுமில்லாமல் போகும். அளவையும் எண்ணிக்கையையும் பிரித்துப் பார்க்கும் கணக்கு இல்லாவிட்டால், இரண்டும் வெளியே ஒரே வாதமாகத்தான் தெரியும்.

நம் நாட்டுக் கட்டுவிரியன் நஞ்சின் வேலை பெரும்பாலும் இரண்டாவது வகை. வாங்கிகள் அடைபட்டிருந்தால் அசற்றைல்கோலினை நீடிக்கச் செய்யும் நியோஸ்டிக்மின் போன்ற மருந்து ஓரளவு கைகொடுக்கும். பொதியே வெளிவராதபோது நீடிக்கச் செய்ய என்ன இருக்கிறது? நரம்பு முனை சிதைந்த பிறகு நஞ்செதிர்ப்பு மருந்தாலும் அதைச் சீராக்க முடியாது. முனை மீண்டும் வளரும் வரை, நாட்கணக்கிலோ அதற்கு மேலோ, செயற்கைச் சுவாசமே உயிரைக் காக்கும்.

கட்டுவிரியன் கடி பல வேளைகளில் வலிக்காது. பல்லின் தடமும் தெரியாமல் இருக்கலாம். இரவில் நிலத்தில் உறங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்றாலோ, இமைகளைத் தூக்க முடியவில்லை என்றாலோ, பார்வை பார்க்கவும் வேர் அரைக்கவும் நேரத்தைக் கழிக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மூச்சு நிற்பதற்கு முன் அங்கே போய்ச் சேர்ந்தால் அவர் பிழைத்துக்கொள்ளலாம்.