மஞ்சள் தட்டிய முகப்பு விளக்கு

பத்துப் பன்னிரண்டு வருடம் வெயிலில் நின்ற காரின் எதிரே போய் நின்று பாருங்கள். பெயின்ட் இன்னும் பளபளக்கும். விளக்கு இரண்டும் மட்டும் மஞ்சள் தட்டி, புகை மூட்டம் போட்ட மாதிரி மங்கிக் கிடக்கும். பக்கத்திலேயே ஒரு பழைய அம்பாசடர் நின்றால் அதன் வட்ட விளக்கைத் துணியால் ஒரு துடை துடைத்தால் போதும், பளிச்சென்று ஆகிவிடும். தாத்தா வண்டிக்குப் பார்வை தெளிவு, பேரன் வண்டிக்கு மங்கல். காரணம் தெரிந்ததுதான்: அது கண்ணாடி, இது பிளாஸ்டிக். ஆனால் கண்ணாடி இருந்த இடத்துக்குப் பிளாஸ்டிக் எப்படி வந்தது, மங்கியதைத் தேய்த்தெடுக்கும் வாட்டர் பேப்பர் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், ஒரே காலத்தில் எரிந்த இரண்டு உலைகளின் முன்னால் போய் நிற்போம். இரண்டிலும் தேடியது ஒன்று, கிடைத்தது வேறு.

முதல் உலை 1891ல், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில். எடிசனிடம் முன்பு வேலை பார்த்த எட்வர்ட் அச்சிசன், செயற்கை வைரம் செய்ய ஆசைப்பட்டு, களிமண்ணையும் கரித்தூளையும் ஓர் இரும்புச் சட்டியில் கொட்டி மின்சாரத்தைப் பாய்ச்சினார். வைரம் வரவில்லை. மின்னும் சில பொடிப் படிகங்கள் ஒட்டியிருந்தன. கண்ணாடியில் கீறிப் பார்த்தார், கீறல் விழுந்தது. கார்பனும் குருந்தக்கல்லும் கலந்த ஏதோ ஒன்று என்று நினைத்து ‘கார்போரண்டம்’ என்று பெயர் வைத்தார். குருந்தத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அது சிலிக்கன் கார்பைடு. முதலில் இரத்தினக்கல் பட்டை தீட்டுகிறவர்களிடம் காரட் கணக்கில் விற்றார். பிறகு பெரிய ஆர்டர் வந்தது வெளிச்ச வியாபாரத்திலிருந்து: 1893ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு ஒளியேற்ற ஒப்பந்தம் எடுத்திருந்த வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம், தன் பல்புகளின் கண்ணாடி அடைப்பான்களைத் தேய்க்க அச்சிசனின் சக்கரங்களை வாங்கியது.

இரண்டாவது உலை அடுத்த வருடமே, வட கரோலினாவின் ஸ்ப்ரே என்ற சிற்றூரில். தாமஸ் வில்சன் என்ற கனடாக்காரர் மலிவாக அலுமினியம் எடுக்கும் முயற்சியில் சுண்ணாம்பையும் கரித்தாரையும் சேர்த்துக் காய்ச்சினார். அவருக்குக் கிடைத்தது ஒரு கருங்கட்டி. தண்ணீரில் போட்டால் குபுகுபுவென்று வாயு வந்தது. பற்றவைத்தால் கரும்புகையோடு எரிந்தது. கட்டி கால்சியம் கார்பைடு, வாயு அசிட்டிலீன். நம் ஊரில் மாங்காய் பழுக்க வைக்கக் கூடாது என்று தடை போட்டிருக்கும் அதே கார்பைடு கல்தான்.

அந்த வாயுதான் கார்களின் முதல் நல்ல வெளிச்சம். அதுவரை எண்ணெய் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்த இடத்தில், கார்பைடில் தண்ணீர் சொட்டச் சொட்ட எரியும் அசிட்டிலீன் விளக்கு வெள்ளையாகப் பிரகாசித்தது. பிரான்சில் அதை விற்றுப் பணம் பண்ணியவர்களில் ஒருவர் லூயி பிளேரியோ. கார் விளக்கில் சம்பாதித்ததை விமானத்தில் கொட்டினார். ஒன்று மாற்றி ஒன்றாக விமானங்கள் விழுந்து நொறுங்கின. 1909 ஜூலை 25 அன்று ஒன்று நொறுங்காமல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்தில் இறங்கியது. அதே ஆண்டு அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் கார்ப் பந்தயத் திடல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியவர்களில் கார்ல் ஃபிஷர், ஜேம்ஸ் ஆலிசன் இருவரும் ‘பிரெஸ்டோலைட்’ என்ற பெயரில் கார் விளக்குக்கான அசிட்டிலீன் உருளை விற்றவர்கள். மனிதன் கடலைப் பறந்து தாண்டியதற்கும், கார்கள் வட்டமடித்து ஓடுவதற்கும் முதல் போட்டவை முகப்பு விளக்குகள் என்றால் மிகையில்லை.

1912ல் கெடிலாக் கார் மின்சார ஸ்டார்ட்டரும் மின்விளக்குமாக வந்து இறங்க, அசிட்டிலீனின் காலம் மெல்ல முடிந்தது. அடுத்து ஆளுக்கொரு அளவு, ஆளுக்கொரு கண்ணாடி. கண் கூசுகிறது என்று புகார்கள். 1940 மாடலிலிருந்து அமெரிக்கா ஒரே ஒழுங்குக்கு வந்தது: ஏழு அங்குல வட்டம், பல்பும் பிரதிபலிப்பானும் முகக்கண்ணாடியும் ஒன்றாக அடைத்து மூடிய ‘சீல்டு பீம்’. உள்ளே தூசி போகாது, துரு ஏறாது. எரிந்து போனால் முழுதாகக் கழற்றிப் போட்டுவிட்டு எந்தப் பெட்ரோல் பங்கிலும் வேறொன்று வாங்கலாம். ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே விளக்கு. பிரான்சோ தன் வழியில் போனது. அங்கே 1930களின் பிற்பகுதியிலிருந்து 1993 வரை முகப்பு விளக்கு மஞ்சளாகத்தான் எரிய வேண்டும் என்பதே சட்டம்.

அமெரிக்காவின் நல்ல ஒழுங்கு நாளடைவில் விலங்காகவும் ஆனது. ஜாகுவார் ஈ-டைப்பின் விளக்குகளை மூடியிருந்த அழகான சரிவுக் கண்ணாடியை 1960களின் கடைசியில் கழற்ற வைத்தது அமெரிக்க விதிதான். விளக்குக்கு முன்னால் இன்னொரு மூடி கூடாதாம். 1973ல் எண்ணெய் நெருக்கடி வந்ததும் கணக்கு மாறியது. காற்றை எதிர்த்து முட்டும் தட்டை முகம் பெட்ரோலைக் குடித்தது. வடிவமைப்பாளர்கள் வளைந்த, சரிந்த விளக்கு கேட்டார்கள். அந்த வளைவில் கண்ணாடி வார்த்தால் கனம், கல் பட்டால் தூள். வேறு பொருள் வேண்டும். அது ஏற்கெனவே கைவசம் இருந்தது.

1898ல் மியூனிக்கில் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் என்ற வேதியியலாளர் பாலிகார்பனேட் வகைப் பொருளை முதன்முதலாகக் கண்டார். எதிலும் கரையாமல், எதற்கும் உதவாமல் நின்ற அந்தத் திடப்பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அப்படியே விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார். அந்த வேறு வேலைதான் நோவோகெய்ன். உலகமெங்கும் பல் பிடுங்கும் முன் ஈறில் போட்ட மரத்துப்போகும் ஊசி. பாலிகார்பனேட் அரை நூற்றாண்டு தூங்கியது. 1953ல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல் அதை எழுப்பினார். ஏறக்குறைய ஒரே வார இடைவெளியில், அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் எழுப்பினார். ஃபாக்ஸ் தேடியது மின்கம்பிக்குப் பூச ஒரு காப்புப் பொருள். அவர் கலக்கிய கலவை இறுகி, கலக்கும் கோலோடு ஒட்டிக்கொண்டது. என்ன செய்தும் உடையவில்லை. இரு நிறுவனமும் வழக்காடி வக்கீல்களை வாழவைக்காமல், முந்தியவருக்குக் காப்புரிமை, மற்றவர் உரிமத்தொகை கட்டித் தயாரிக்கலாம் என்று பேசி முடித்துக்கொண்டன. முந்தியது பேயர். அவர்கள் விற்றது மக்ரோலான், இவர்கள் விற்றது லெக்ஸான். சரக்கு ஒன்றுதான்.

நிலவில் நடந்தவர்களின் தலையைச் சுற்றியிருந்த கண்ணாடிக் கூண்டு கண்ணாடியல்ல, பாலிகார்பனேட். 1982ல் வந்த காம்பாக்ட் டிஸ்க்கும் அதுவே. 1983ல் அமெரிக்க அரசு ஃபோர்டின் கோரிக்கைக்கு இணங்கி விதியைத் தளர்த்த, 1984 மாடல் லிங்கன் மார்க் VII கார் வளைந்த பிளாஸ்டிக் முகத்தோடு தெருவுக்கு வந்தது. 1990களில் ஐரோப்பாவும் பின்தொடர்ந்தது. அங்கிருந்து மற்ற நாடுகளின் தொழிற்சாலைகளுக்குப் பரவ நாள் பிடிக்கவில்லை. அழகு, இலேசு, உடையாது. வெயில் ஒன்றைத்தான் அதனால் தாங்க முடியாது.

புற ஊதாக் கதிர் பாலிகார்பனேட்டின் மூலக்கூறுச் சங்கிலியில் படும்போது அணுக்கள் இடம் மாறி உட்காருகின்றன. இதற்கு ஃபோட்டோ-ஃபிரீஸ் மாற்றம் என்று பெயர். முதலில் உருவாவது சாலிசிலேட் வகை. அதாவது ஆஸ்பிரினுக்கு உறவுக்காரப் பொருள். ஆஸ்பிரினைச் சந்தைக்குக் கொண்டு வந்ததும் இதே பேயர்! மேலும் கதிர் பட்டால் அது பென்சோஃபீனோன் வகையாகிறது. சன்ஸ்கிரீன் களிம்புகளில் இருக்கும் கூட்டம் அது. வெட்டவெளியில் ஆக்சிஜனும் கைகோத்துக்கொள்ள, மேற்பரப்பு மஞ்சளாகி, பொடிந்து, நுண்ணிய வெடிப்பு விடுகிறது. இது தெரிந்துதான் தொழிற்சாலையிலேயே விளக்கின் மேல் கடினமான ஒரு காப்புப் பூச்சு போட்டு அனுப்புகிறார்கள். முடியிழையைவிட மெல்லிய அந்தப் பூச்சு தேய்ந்தும் உரிந்தும் போகும் நாளில் மங்கல் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஏ.ஏ.ஏ. வாகன ஓட்டுநர் சங்கம் 2018ல் சோதித்தபோது, மோசமாக மங்கிய விளக்குகள் புதியவை தரும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் தந்தன. மிச்ச வெளிச்சம் சாலைக்குப் போகாமல் சிதறி, எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கிறது.

இப்போது அச்சிசனின் படிகத்துக்குத் திரும்புவோம். 1902ல் மின்னசோட்டாவில் ஐந்து பேர் சேர்ந்து குருந்தக்கல் வெட்டப் போய், வெட்டியது குருந்தமே இல்லை என்று தெரிந்து நொடித்துப் போனார்கள். அந்த நிறுவனம்தான் 3எம். கல் விற்க முடியாதவர்கள் வேறு வழியில்லாமல் உப்புத்தாள் செய்ய இறங்கினார்கள். அதிலும் சனி விடவில்லை. 1914ல் ஸ்பெயினிலிருந்து வந்த கார்னெட் மணல் மூட்டைகளின் மேல், கப்பல் புயலில் ஆடியதில், ஆலிவ் எண்ணெய்ப் பீப்பாய் கவிழ்ந்தது. எண்ணெய் ஊறிய மணல் தாளில் ஒட்டுமா? வாங்கியவர்கள் எல்லாம் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் மணலைச் சட்டியில் போட்டு வறுத்து எண்ணெயைப் போக்கினார்களாம்.

சில வருடம் கழித்து ஃபிலடெல்ஃபியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மை தயாரிக்கும் ஃபிரான்சிஸ் ஓக்கி என்பவர், நீங்கள் பயன்படுத்தும் தேய்ப்பு மணலில் எல்லா அளவிலும் மாதிரி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். உப்புத்தாள் கம்பெனியிடம் மை வியாபாரிக்கு மணல் எதற்கு? வேறு யாராக இருந்தாலும் குப்பையில் போட்டிருப்பார்கள். 3எம்மின் வில்லியம் மெக்நைட் விசாரித்தார். ஓக்கி கண்டுபிடித்திருந்தது தண்ணீரில் நனைந்தாலும் பிரியாத உப்புத்தாள். 1921ல் அது ‘வெட்ஆர்ட்ரை’ என்று விற்பனைக்கு வந்தது. ஈயம் கலந்த பெயின்ட் தூசியில் மூச்சுத் திணறிய கார் பட்டறைகளுக்கு அது பெரும் வரம். நம் பட்டறைகளில் ‘வாட்டர் பேப்பர்’ என்று கேட்டு வாங்குவது அதன் வம்சத்தைத்தான். கறுப்பாக இருப்பது சிலிக்கன் கார்பைடு, வைரம் தேடியவருக்குக் கிடைத்த படிகம். அந்தத் தாளின் மாதிரிகளை ஒரு பட்டறையில் கொடுக்கப் போன ரிச்சர்ட் டுரூ என்ற இளைஞர், இரட்டை வண்ணம் அடிக்கும்போது ஒட்டிய தாளோடு பெயின்டும் உரிந்து வந்த கோபத்தில் பெயின்டர் திட்டியதைக் கேட்டார். 1925ல் மாஸ்கிங் டேப் பிறந்தது.

விளக்கைத் தேய்க்கும் ஆள் முதலில் எடுப்பது அந்த டேப்பைத்தான். சுற்றிலும் பெயின்ட் சிராயாமல் ஒட்டுவார். பிறகு வாட்டர் பேப்பர், 800 நம்பரிலிருந்து. தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் பால் வழியும். அது நின்று வெள்ளையாக வழிய ஆரம்பித்தால் பழைய பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் விளக்கு முன்பைவிட மோசமாக, தேய்த்த பாட்டில் மாதிரி வெளுத்துத் தெரியும். வண்டிக்காரர் பதறுவது இங்கேதான். அடுத்து 1000, 1500, 2000. ஒவ்வொரு தாளையும் முந்தைய தாளுக்குக் குறுக்குவாக்கில் ஓட்டுவது கெட்டிக்காரர்களின் பழக்கம். பழைய கீறல் மிச்சமிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். ஈரமாக இருக்கும்போது விளக்கு தெளிவாகத் தெரிவதை நம்பக் கூடாது. தண்ணீர் கீறல்களை நிரப்பி ஏமாற்றுகிறது; உலர்ந்ததும் வண்டவாளம் தெரியும். பிறகு ரப்பிங் காம்பவுண்ட், பஃபிங்.

குறுக்கு வழிகள் பலவும் இந்த ஏமாற்றில்தான் பிழைக்கின்றன. ஏவுகணைத் தகடு துருப்பிடிக்காமல் இருக்க 1953ல் சான் டியேகோவில் நாற்பதாவது முயற்சியில் செய்யப்பட்ட டபிள்யூடி-40ஐ விளக்கில் அடித்தால் பளிச்சிடும். எண்ணெய் வெடிப்பை நிரப்புவதால் வரும் பளிச்சு, ஒரு மழைக்குத் தாங்காது. அமெரிக்க ராணுவத்துக்காக 1946ல் உருவான டீட் கலந்த கொசு விரட்டி இன்னும் மோசம். அது பிளாஸ்டிக்கின் மேல்தோலையே இளக்கிவிடுகிறது. பற்பசை கொஞ்சம் யோக்கியம்; அதில் மெய்யாகவே தேய்ப்புத் தூள் இருக்கிறது. இலேசான மங்கல் போகும், சில வாரத்தில் திரும்பி வரும். ஏனென்றால் பற்பசையோ வாட்டர் பேப்பரோ பூச்சை எடுக்கத்தான் செய்யும், போடாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட்டை மேலே அடிக்காமல் விளக்கைத் திருப்பிக் கொடுக்கிறவர், அடுத்த கோடைக்கு அதே வேலையை உங்களுக்கு மீண்டும் தருகிறார். அதைச் சேர்த்துச் செய்தாலும் புதிதாகிவிடாது. ஏ.ஏ.ஏ. சோதனையில் தேய்த்தெடுத்த விளக்குகள் புதியதில் 70 சதவீத வெளிச்சத்தைத்தான் எட்டின.

புது விளக்கு வாங்கலாமே என்றால், சீல்டு பீம் மாதிரி பங்கில் வாங்கி மாட்டும் சரக்கல்ல இது. காருக்கொரு வடிவம், எல்இடி வந்தபின் விலை இன்னும் எகிறிவிட்டது. அசலுக்குப் பாதி விலையில் நகல் கிடைக்கும். பார்வைக்கு அச்சு அசல், மேல்பூச்சு எப்படி என்பது வெயிலுக்குத்தான் தெரியும். அசலுக்கும் உத்தரவாதம் கொஞ்சம்தான். அமெரிக்க விதிப்படி, விளக்குக்கான பிளாஸ்டிக்கை ஃபுளோரிடாவின் ஈர வெயிலிலும் அரிசோனாவின் வறண்ட வெயிலிலும் மூன்று வருடம் காயப்போட்டுப் பார்த்துத்தான் அனுமதிக்கிறார்கள். நான்காவது வருடத்திலிருந்து அது வாட்டர் பேப்பர்காரர்களின் பொறுப்பு.