நாய் அறியும் சொல்: ஓர் ஆராய்ச்சி வரலாறு

மனிதன் பழக்கிய விலங்குகளுள் முதலாவது நாயே என்பது தொல்பொருளாராய்ச்சியாளர் துணிபு. ஆடும் மாடும் பட்டியை அடையுமுன்னரே, பயிர்த்தொழில் தோன்றுமுன்னரே, அது மனிதன் மூட்டிய தீயினருகே இடம்பெற்று விட்டது. அன்று தொட்டு மனிதனது பேச்சை இடையறாது கேட்டு வரும் விலங்கும் அதுவேயாம். ஆகவே, அப்பேச்சில் நாய் எத்தனை சொற்களை அறியும் என்னும் வினா இயல்பாக எழுவதொன்று. நாய் வளர்ப்போர் அதற்குத் தத்தமக்குத் தோன்றிய விடையை அளித்தே வந்துள்ளனர். ஆயின் அவ்விடைகளைச் சோதித்து நிறுவும் முயற்சிக்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு வரலாறே உண்டு. அவ்வரலாற்றை நோக்குமிடத்து, அறிஞர்கள் நாயைச் சோதித்ததினும் தமது சோதனை முறையையே மிகுதியாகச் சோதிக்க வேண்டியிருந்தது என்பது புலனாகும்.

இவ்வினாவை அறிவியல் அரங்குக்குக் கொணர்ந்தவருள் சாள்ஸ் டார்வின் முதன்மையானவர். 1871ஆம் ஆண்டில் வெளிவந்து 1874ஆம் ஆண்டில் திருத்தப்பெற்ற மனித உற்பத்தி பற்றிய தமது நூலில், நாய்கள் பல சொற்களையும் வாக்கியங்களையும் விளங்கிக்கொள்வதை யாவரும் அறிவர் என்றும், எனவே ஒலிகளை விளங்கும் ஆற்றல் ஒன்றே மனிதனை ஏனை விலங்குகளினின்றும் பிரிப்பதன்று என்றும் அவர் கருதினார். அவரைப் பின்பற்றிய யோர்ச் உரோமானிசு என்பார் விலங்குகளின் அறிவைப் பற்றிப் பலரும் எழுதியனுப்பிய செய்திகளைத் திரட்டி 1882ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாக்கினார். வளர்த்தவர் கண்டதும் கூறியதுமே அந்நூலுக்குப் பெரும்பாலும் சான்றாயின. யாவரும் அறிவர் என்பது ஒரு செய்தியைப் பரப்பப் போதியதாகலாம். அதனை நிறுவுதற்கு அது போதாது.

இக்குறையை உணர்ந்து சோதனையிற் புகுந்தவர் சேர் யோன் லபக் என்பவர். வங்கியாளராகவும் பாராளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய இவரே பழைய கற்காலம், புதிய கற்காலம் என்னும் பாகுபாட்டுக்குப் பெயரிட்டவருமாவர். பார்வையும் செவிப்புலனும் அற்ற லோறா பிறிச்மன் என்னும் சிறுமிக்கு அமெரிக்காவில் கலாநிதி ஹௌ மொழி கற்பித்த முறை இவரது உள்ளத்தைக் கவர்ந்தது. அம்முறையை ஊமையாகிய நாய்க்கும் கையாளலாகாதோ என எண்ணினார். தமது வான் என்னும் கரிய பூடில் நாய்க்கு, உணவு என்னும் சொல் பொறித்த அட்டையையும் வெற்று அட்டையையும் வேறுபடுத்தப் பழக்கினார். சொல் பொறித்த அட்டையைக் கொணர்ந்தால் உணவு கிடைக்கும். வெற்றட்டைக்கு யாதும் கிடையாது. பின்னர் எலும்பு, தண்ணீர், தேநீர், வெளியே என்னும் சொற்கள் பொறித்த அட்டைகளும் சேர்க்கப்பட்டன. நாய் தனக்கு வேண்டியதற்குரிய அட்டையைத் தேர்ந்து கொணரலாயிற்று. இச்செய்தியை 1884ஆம் ஆண்டளவில் இயற்கை என்னும் பொருள்படும் பெயர்பெற்ற ஆங்கில அறிவியல் வெளியீட்டிலும், 1888ஆம் ஆண்டில் தமது நூலிலும் லபக் எழுதினார். மோப்பத்தாலன்றிப் பார்வையாலேயே நாய் அட்டையைத் தேர்கின்றது என்பதை உறுதி செய்ய அவர் அட்டைகளை மாற்றிமாற்றி வைத்தமை பாராட்டற்குரியது. நிறங்களை இணைகாணும் பயிற்சியில் அதே நாய் தேறவில்லை என்பதையும் அவர் மறையாது எழுதினார்.

லபக் காலத்தையடுத்துப் பிரித்தானிய அறிஞர் லோயிட் மோகன் ஒரு நெறியை வகுத்தார். ஒரு செயலைத் தாழ்ந்த நிலை உளத்தொழிலொன்றால் விளக்கக்கூடுமாயின், உயர்ந்த நிலை உளத்தொழிலை அதற்குக் காரணமாகக் கூறலாகாது என்பதே 1894ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அந்நெறி. அவரது ரொனி என்னும் நாய் படலையின் கொக்கியைத் தலையால் உயர்த்தித் திறந்து வெளியே செல்லும். கண்டவர் அதனை ஆராய்ந்தறிந்த செயலென்றே மதிப்பர். ஆயின், தொடக்கந்தொட்டுக் கவனித்து வந்த மோகன், நாய் கம்பிகளிடையே பலகாலும் தலையை நீட்டியபோது தற்செயலாய்க் கொக்கி விலகியமையும், அப்பயன் பற்றிப் பழக்கம் வேரூன்றியமையும் கண்டார். விளைவை மட்டும் கண்டு அறிவை அளத்தல் கூடாதென்பது இதனாற் பெறப்பட்டது.

இவ்வெச்சரிக்கையின் இன்றியமையாமையை உலகறியச் செய்தது நாயன்று, குதிரையே. பேர்லின் நகரில் இளைப்பாறிய கணித ஆசிரியரான வில்லெம் வொன் ஒஸ்ரன் என்பார் தமது ஹான்ஸ் என்னும் குதிரைக்குக் கணக்கும் எழுத்தும் கற்பித்ததாகக் கூறினார். குதிரை குளம்பால் தட்டி விடை கூறும். 1904ஆம் ஆண்டிற் கூடிய ஆராய்ச்சிக் குழு ஏமாற்று எதுவும் இல்லையெனக் கண்டது. ஆயின், ஒஸ்கார் புவுங்ஸ்ற் என்னும் இளைஞர் மேலும் ஆராய்ந்து, வினாவுபவருக்கு விடை தெரியாதபோதும், அவரைக் குதிரை காணாதபோதும் விடை பிழைப்பதை நிறுவினார். குளம்புத் தட்டு உரிய எண்ணை எட்டியதும் வினாவுபவரின் தலை தம்மையறியாமலே சிறிது அசையும். அவ்வசைவே குதிரைக்கு விடை. 1907ஆம் ஆண்டில் அவரது நூல் வெளிவந்தது. வொன் ஒஸ்ரன் பொய்யரல்லர்; பரீட்சை நடத்துபவரே விடையையும் தம் முகத்தில் எழுதி வைத்திருந்தமையை அறியாதவர். அதன்பின் நடந்த ஒவ்வொரு சோதனையும் இப்பாடத்தைக் கற்றே நடக்க வேண்டியதாயிற்று.

நாயின் சொல்லறிவை அவ்வாறு சோதித்த முதல் முயற்சிகளுள் ஒன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. டெட்றொயிற் நகரத்து யாக்கோப் ஹெர்பேட் என்பவரின் வெலோ என்னும் அல்சேஷன் நாய் ஏறக்குறைய 400 சொற்களை அறியும் என அவர் நம்பினார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாடன், வோனர் என்னும் உளநூலார் இருவர் அதனைச் சோதித்து 1928ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வளர்த்தவர் திரைமறைவில் நின்று கட்டளையிட்டார். இரு, கிட, நட என்பன போன்ற உடற்செயலைக் குறித்த ஏவல்களை நாய் முகங்காணாமலே செவ்வனே நிறைவேற்றியது. ஒரு பொருளைத் தேர்ந்து செல்லவோ எடுத்து வரவோ ஏவியபோது பெரிதும் தடுமாறியது. பொருளைக் குறித்த ஏவல்களில் வளர்த்தவரது நோக்கும் நிலையுமே அதற்கு வழிகாட்டியிருந்தன. ஏவல் வினை செவியால் அறியப்பட்டது. பொருட்பெயர் கண்ணால் அறியப்பட்டது. 400 என்னும் தொகை இவ்வாறு இருகூறாயிற்று. எனினும், சொல்லாதவற்றையும் மனிதன் முகத்திலிருந்து படித்துக்கொள்ளும் அந்நாயின் நுட்பம் சிறியதென்று எவரும் கூறார்.

அதன்பின் நெடுங்காலம் இத்துறை வளரவில்லை. உருசிய அறிஞர் பவுலோவின் பழக்கவினைக் கொள்கையும், புறநடத்தையை மட்டும் ஆராயும் உளநூற் கொள்கையும் மேலோங்கியிருந்தமையால், விலங்கு பொருளுணர்கின்றதோ என்று வினாவுதலே பொருந்தாதெனப்பட்டது.

மீண்டும் வாயில் திறந்தது யேர்மனியில். போடர் கொலி எனப்படும் ஆடுமேய்ப்பு இனத்து நாயாகிய றிக்கோ 1999ஆம் ஆண்டில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றிப் புகழ்பெற்றது. இலைப்சிக் நகரத்து மக்ஸ் பிளாங் நிறுவனத்தைச் சேர்ந்த யூலியானே கமின்ஸ்கி முதலியோர் அதனைச் சோதித்தனர். பொருள்கள் ஓர் அறையிலும், ஏவுபவர் மற்றோர் அறையிலுமாக, முகக்குறிப்புக்கு இடமின்றி வைக்கப்பட்டது. 200 விளையாட்டுப் பொருள்களின் பெயரை அறிந்ததெனப்பட்ட றிக்கோ, 40 ஏவல்களில் 37இல் உரிய பொருளையே கொணர்ந்தது. அதனினும் வியத்தகு செய்தியொன்று உண்டு. பழகிய ஏழு பொருள்களினிடையே புதியதொன்றை வைத்து, முன் கேளாத பெயரைக் கூறியபோது, பழையவற்றிற்குப் பெயருண்டு, ஆகவே புதுப்பெயர் புதுப்பொருளுக்குரியது என்று தேர்ந்தாற்போல, பத்துமுறையில் ஏழுமுறை அப்புதுப்பொருளையே கொணர்ந்தது. நான்கு வாரம் கழித்தும் அவ்வாறு கற்ற ஆறு பொருள்களில் மூன்றை நினைவிற் கொண்டிருந்தது. இம்முடிவுகள் 2004ஆம் ஆண்டில் வெளிவந்தன.

அவ்வாண்டிலேயே போல் புளூம் என்னும் உளநூலார் ஒரு தடையை எழுப்பினார். காலுறை என்ற ஒலியைக் கேட்டுக் காலுறையைக் கொணரும் நாய், அச்சொல்லைப் பொருட்பெயராக அறிந்ததோ, அன்றிக் காலுறையை எடுத்து வா என்னும் முழு ஏவலாகவே கொண்டதோ என்பதே அத்தடை. தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இது எளிதில் விளங்கும். பெயரையும் வினையையும் பிரித்தறியாதவரைச் சொல்லறிவு நிறைந்ததாகக் கொள்ளல் இயலாது. ஆகவே, எத்தனை சொல் என்ற வினாவுக்கு முன்னர், சொல்லை அறிதல் என்பது யாது என்ற வினா நின்றது.

இத்தடைக்கு விடைகாண முயன்றவர் தென் கரோலைனா மாநிலத்து யோன் பில்லி என்னும் இளைப்பாறிய பேராசிரியர். 2004ஆம் ஆண்டில், தமது எழுபத்தாறாம் வயதளவில், சேசர் என்னும் போடர் கொலிக் குட்டியைப் பெற்று, நாடோறும் நான்கைந்து மணிநேரம் பயிற்றினார். மூன்றாண்டில் அது 1,022 பொருள்களின் பெயரை அறிந்தது. துணியாலான விலங்குருவங்கள் 800க்கு மேற்பட்டன, பந்துகள் 116, எறிதட்டுகள் 26, எஞ்சியவை பிளாத்திக்குப் பொருள்கள். தம்மால் நினைவிற்கொள்ள இயலாமையால் பேராசிரியர் ஒவ்வொன்றின் மேலும் பெயரை எழுதிவைக்க வேண்டியிருந்தது! இருபதிருபதாகப் பொருள்களைக் கண்மறைவில் வைத்தே அறிவு சோதிக்கப்பட்டது. பின்னர் எடு, மூக்கால் தொடு, பாதத்தால் தொடு என்னும் மூன்று வினைகளைப் பொருட்பெயர்களோடு மாற்றிமாற்றி இணைத்து ஏவியபோதும் சேசர் பிழையாது செய்தது. பெயர் வேறு, வினை வேறு என்பது இதனால் நிறுவப்பட்டது. அன்றியும், ஒவ்வொரு பந்துக்கும் உரிய சிறப்புப்பெயரை அறிந்த அந்நாய், பந்து என்னும் பொதுப்பெயர் அவையனைத்துக்கும் உரியது என்பதையும் அறிந்திருந்தது. பில்லியும் அலிஸ்ரன் றீட் என்பவரும் இதனை 2011ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பில்லி 2018ஆம் ஆண்டிலும், சேசர் அதற்கடுத்த ஆண்டிலும் மறைந்தனர்.

ஆயின் சேசர் ஒரு விதிவிலக்கு. வீட்டு நாயின் நிலை யாது? கனடிய உளநூலார் ஸ்ரான்லி கோரன் 2009ஆம் ஆண்டில், சராசரி நாய் 165 சொற்களையும் சைகைகளையும், திறமை மிக்க நாய் 250 வரையிலும் அறியும் என மதிப்பிட்டார். டல்ஹவுசிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றீவ், ஜாக்ஸ் என்னும் இருவர் நாய் வளர்ப்போரை வினாவித் தொகுத்த கணக்கில் சராசரி 89 சொற்களும் சொற்றொடர்களுமே காணப்பட்டன. மிகக் குறைந்தது 15, மிகக் கூடியது 215. அவற்றுள் ஏறக்குறையப் பாதி ஏவல்கள். இக்கணக்குகள் வளர்ப்போர் கூற்றையே பெரிதும் சார்ந்தவை என்பது மறக்கற்பாலதன்று. உரோமானிசு காலத்துச் சான்று இங்கு ஒழுங்குபெற்று மீண்டும் வந்துள்ளது. மறுபுறம், புடாப்பெஸ்ற் நகரத்து ஆராய்ச்சியாளர் வீட்டு நாய்கள் பலவற்றுக்கு மூன்று மாதம் பொருட்பெயர் பயிற்றியபோது பெரும்பாலானவை ஒரு பெயரையேனும் கற்றதாகத் தெரியவில்லை. றிக்கோ, சேசர் போல்வன அரிய பிறவிகளே எனப் பலரும் கொண்டனர்.

அம்முடிவையும் அதே நகரத்தார் மீண்டும் ஆராய்ந்தனர். 2016ஆம் ஆண்டில் 13 நாய்களின் மூளைத் தொழிற்பாட்டைக் கருவியால் நோக்கிய அற்றிலா அண்டிக்ஸ் முதலியோர், புகழ்ச்சொல்லும் புகழும் குரலும் ஒருங்கிணைந்தபோதே மகிழ்ச்சிக்குரிய மூளைப்பகுதி சிறப்பாகத் தொழிற்படுவதைக் கண்டனர். இனிய குரலிற் கூறிய பொருளற்ற சொல் அப்பயனைத் தரவில்லை. 2024ஆம் ஆண்டில் மரியானா பொறோஸ், லில்லா மகியாரி முதலியோர் 18 நாய்களைச் சோதித்தனர். வளர்த்தவர் பழகிய பொருளொன்றின் பெயரைக் கூறி, ஒருகால் அப்பொருளையும் ஒருகால் வேறொன்றையும் காட்டினர். பெயரும் பொருளும் மாறுபட்டபோது மூளையின் மின்னலைகளும் மாறுபட்டன. மனிதரிடத்துக் காணப்படுவதை ஒத்த மாறுபாடு அது. எடுத்து வரத் தவறும் நாயும், பெயரைக் கேட்டவுடன் பொருளை உள்ளத்தில் எதிர்நோக்குகின்றது என்பதே அவர் கொண்ட முடிபு. எடுத்து வருதலையே விடையெனக் கொண்ட பழைய பரீட்சை, மாணாக்கன் அறிந்தவற்றுட் சிலவற்றை அளக்கத் தவறியது போலும்.

இவ்வறிவுக்கு எல்லையும் உண்டு. ஓர் ஒலியால் மட்டும் வேறுபட்ட சொற்களை வீட்டு நாய்கள் வேறாக உணர்வதாகத் தெரியவில்லை என்று 2020ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. 2012ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் சோதிக்கப்பட்ட கேபிள் என்னும் நாய், கற்ற பெயரை வேறு பொருளுக்கு நீட்டும்போது, குழந்தைகளைப் போல வடிவத்தை நோக்காது, முதலில் பருமனையும், பழக்கம் மிகுந்தபின் மேற்பரப்பின் தன்மையையும் நோக்கியது. எனவே ஒரே சொல்லை மனிதனும் நாயும் அறிந்தபோதும், இருவரும் அதன்கண் அறிவது ஒன்றேயெனக் கூறவியலாது.

எத்தனை சொல் என்னும் வினாவுக்கு ஆகவே ஒரே எண் விடையாகாது. ஏவலென்னும் அளவில், வீட்டு நாய் பல பத்துச் சொற்களை அறியும். பொருட்பெயரென்னும் அளவில், அதன் செயல் காட்டும் தொகை சிறிது. உள்ளம் அறியும் தொகை அதனிற் பெரிதாகலாம். அரிய திறமும் அயராத ஆசிரியரும் கூடியவிடத்து அத்தொகை ஆயிரத்தையும் கடந்தது. அன்பு மிகுந்தோர் மிகைப்படக் கூறினர்; ஐயம் மிகுந்தோர் குறைபடக் கூறினர். இரு சாராரையும் திருத்தியது பொறுமையோடு வகுத்த சோதனையே. திரைமறைவும் வேற்றறையும் நாயை இழிவுபடுத்த எழுந்தவையல்ல. வாய்பேசாத உயிரின் உண்மைத் தகுதியை, மனிதனது விருப்பும் வெறுப்பும் கலவாமல் வெளிப்படுத்த எழுந்தவை. பிறர் அறிவை அளக்கப் புகுவோர், தம் அளவுகோலை முதலில் அளந்துகொள்ளுதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு கற்பிக்கும் பாடமாம்.