ஒலிநாடாவுக்கு முந்திய விடியல்: ‘மகிஷாசுரமர்த்தினி’யின் மூலப்படி எது?

அச்சு நூலுக்கு முதற்பதிப்பு உண்டு. ஓலைச்சுவடிக்குப் படிகளும் பாடபேதங்களும் உண்டு. காற்றோடு கரைந்துபோகும் நேரலை ஒலிபரப்புக்கு மூலப்படி என்று எதைச் சொல்வது? வானொலி வரலாற்றை எழுத முற்படுவோர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. இதைச் சிந்திக்கக் கல்கத்தா வானொலியின் ‘மகிஷாசுரமர்த்தினி’யை விடச் சிறந்த சான்று இந்திய ஒலிபரப்பில் அரிது.

தமிழகத்தில் நீத்தாருக்குத் தர்ப்பணம் செய்யும் மகாளய அமாவாசை, வங்கத்தில் துர்க்கையின் வருகையை அறிவிக்கும் நாளும் ஆகும். அன்று விடியற்காலை 4 மணிக்கு, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், தேவி மாகாத்மியச் சுலோகங்களும் வங்க உரைநடையும் பாடல்களும் கலந்த இந்நிகழ்ச்சி ஒலிக்கும். எழுத்துரு பாணி குமாருடையது. இசை பங்கஜ் குமார் மல்லிக். ஓதும் குரல் பீரேந்திர கிருஷ்ண பத்ரா. இன்றும் மக்கள் கேட்பது அதே குரலைத்தான். ‘என்றும் மாறாத நிகழ்ச்சி’ என்ற நம்பிக்கை அதனாலேயே உருவானது.

ஆனால் சான்றுகள் காட்டுவது வேறு. கல்கத்தா நிலையம் 1927 ஆகஸ்டில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனியால் தொடங்கப்பட்டது. கம்பெனி நொடித்துப்போக, 1930இல் அரசு பொறுப்பேற்றது. 1936இல் ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயர் வந்தது. இந்நிகழ்ச்சியின் பிறப்பு இந்தத் தள்ளாட்டக் காலத்தைச் சேர்ந்தது. முதல் ஒலிபரப்பை 1931 என்று சில குறிப்புகளும் 1932 என்று வேறு சிலவும் கூறுகின்றன. இம்முரண்பாட்டுக்கு ஒரு காரணம், எதைத் தொடக்கமாகக் கொள்வது என்பதில் உள்ள வேறுபாடு. இதன் முன்வடிவம் சைத்ர மாதத்தில் ஒலிபரப்பான ‘வசந்தேஸ்வரி’. பின்னரே அது இலையுதிர்காலத்துக்கு வந்தது; அங்கும் முதலில் சஷ்டி விடியலில் ஒலித்து, அதன்பின் மகாளய நாளில் நிலைபெற்றது. பெயரும் பருவமும் நாளும் மாறிய பிறகே மரபு உருவாகியிருக்கிறது.

1960களில் ஒலிப்பதிவுக்கு மாறும்வரை இது பெரும்பாலும் ஆண்டுதோறும் நேரலையாகவே நிகழ்ந்தது. அக்காலத்தில் பாடகர்கள் மாறினர். 1940களின் நடுவில் பங்கஜ் மல்லிக்கே சிலகாலம் விலகியிருந்தார். ஆல் இந்தியா ரேடியோ ஒலிப்பதிவுகளைப் பேணுவதற்கெனத் தனிப்பிரிவை 1954இல்தான் தொடங்கியது. ஆகவே முதல் இருபதாண்டுகளுக்கு நமக்குள்ள முதன்மைச் சான்று ஒலி அன்று, தாள். நிலையத்தின் நிகழ்ச்சி இதழான ‘பேதார் ஜகத்’ 1929இல் தொடங்கியது. சென்னை நிலையத்துக்கு ‘வானொலி’ இதழ் எப்படியோ, கல்கத்தாவுக்கு அது அப்படி.

தாளுக்கும் எல்லை உண்டு. நிகழ்ச்சி இதழ் ஒலிபரப்புக்கு முன் அச்சாவது. அது நிகழ்ந்ததன் பதிவு அன்று, நிகழவிருப்பதன் அறிவிப்பு. ஒரு பாடகருக்குத் தொண்டை கட்டிக்கொண்டதை அது சொல்லாது. ஒலித்த முறையையும் சொல்லாது. இசைக்குழுவில் இருந்த முஸ்லிம் கலைஞர்கள், சமஸ்கிருதம் முடிந்து வங்க உரைநடை தொடங்கியதை உணராமல் தொடர்ந்து வாசித்தனர் என்றும், பத்ரா உரைநடையையும் ஓதும் பாணியில் தொடர அதுவே காரணம் என்றும் ஒரு கதை வழங்குகிறது. நடந்ததோ இல்லையோ, இக்கதை ஒரு மொழியியல் உண்மையைச் சுட்டுகிறது. தற்சமச் சொற்கள் செறிந்த அந்த உரைநடையில், இரு மொழிகளின் எல்லையைச் செவி எளிதில் காணாது. பிராமணரல்லாத பத்ரா சண்டி ஓதலாமா என்று எழுந்த எதிர்ப்பும், பாணி குமார் அதற்கு இணங்காததும் இவ்வாறே நினைவின் வழியாகவே நமக்கு வந்து சேர்ந்துள்ளன.

இந்தப் பின்னணியில்தான் 1976ஐ வாசிக்க வேண்டும். நெருக்கடி நிலைக் காலத்தில் வானொலி இந்நிகழ்ச்சியை நிறுத்தி, நடிகர் உத்தம் குமாரின் குரலில் புதியதொன்றை ஒலிபரப்பியது. அதற்கு இசையமைத்த ஹேமந்த முகோபாத்யாய், பழைய நிகழ்ச்சியில் முன்னர் பாடியவர். கேட்டவர்கள் கொதித்தனர், அவ்வாண்டே சஷ்டியன்று பழைய நிகழ்ச்சியை மீண்டும் ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. மக்கள் மாற்றத்தையே வெறுத்தனர் என்று இதை விளக்குவது போதாது. முப்பதாண்டு மாற்றங்களை அவர்கள் ஏற்றுக்கொண்டே வந்திருந்தனர். அம்மாற்றங்களுக்கு நடுவே தொடர்ந்து நின்ற குரலை அகற்றியதைத்தான் அவர்கள் ஏற்கவில்லை. ஆனால் அந்த வெற்றியே ஒலிநாடாவுக்கு மூலப்படியின் தகுதியையும் வழங்கிவிட்டது. அதன்பின் முந்தைய விடியல்கள் மறைந்துபோயின.

சுவடி ஆய்வில் நாம் ஒரு படியை மட்டும் வைத்து நூலைத் தீர்மானிப்பதில்லை. எஞ்சிய படி நல்ல படியாக இருக்கலாம். அதுவே நூல் ஆகிவிடாது. வானொலிக்கும் இந்த ஒழுங்கு வேண்டும். ஒலிநாடா, நிகழ்ச்சி இதழ், கலைஞர் ஒப்பந்தம், கேட்டவர் நினைவு ஆகிய நான்கையும் ஒன்றோடொன்று ஒப்புநோக்க வேண்டும். ஒலியை எண்மப்படுத்தக் காட்டும் ஆர்வத்தில் பாதியேனும் மஞ்சளேறி உதிரும் தாள்களுக்கும் கிடைக்க வேண்டும். நேரலையாக ஒலித்து மறைந்த அந்த விடியல்களுக்கு வேறு சாட்சி இல்லை.