மறதி நோயுற்றோரின் பராமரிப்பும் பணியாளர் பயிற்சியும்: டாம் கிட்வுட்டின் பணி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1962ஆம் ஆண்டில் இங்கிலாந்துத் திருச்சபையில் குருப்பட்டம் பெற்ற ஒருவர், பின்னர் அப்பணியை விட்டு விலகி, உளவியல் ஆசிரியராகி, டிமென்ஷியா எனப்படும் மறதி நோயுற்ற முதியோரைப் பராமரிப்போர்க்கான பயிற்சி முறையையே மாற்றியமைத்தார். அவர் டாம் கிட்வுட் (1937–1998). செவிலியர் கல்வியில் பெரிதும் பேசப்படும் இப்பெயர் நம் ஆயர்கள் பலருக்கு அறிமுகமாகாதது வியப்புக்குரியது. ஏனெனில் அவர் எழுப்பிய வினா இறையியலாருடைய வினாவே. நினைவும் சொல்லும் பகுத்தறிவும் ஒருவரைவிட்டு ஒவ்வொன்றாய் அகலும்போது, எஞ்சியிருப்பவர் யார்? இவ்வினாவை அவர் முதியோர் இல்லத்தின் உணவுக்கூடத்திற்குக் கொண்டு சென்று, அங்கு ஊழியம் செய்வோரின் முன் வைத்தார்.

அவருக்கு முன் நிலைமை எவ்வாறிருந்தது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். 1901ஆம் ஆண்டில் ஃப்ராங்க்ஃபர்ட் நகர மனநல மருத்துவமனையில், 51 வயதான அகுஸ்டே என்னும் பெண்ணை மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் முதன்முதல் பரிசோதித்தார். அவளோடு தாம் நிகழ்த்திய உரையாடல்களை அவர் பொறுமையுடன் எழுதி வைத்தார். 1906இல் அவள் இறந்தபின் அவளது மூளையை ஆராய்ந்து, அவ்வாண்டின் நவம்பர் மாதத்தில் டூபிங்கனில் தம் முடிவுகளை அறிவித்தார். 1910இல் கிரேப்பெலின் தமது பாடநூலில் இந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். மூளையைப் பற்றிய முடிவுகள் உலகெங்கும் பரவின. அவ்வுரையாடல்களைத் தாங்கிய கோப்போ 1995ஆம் ஆண்டு வரை கண்டெடுக்கப்படாமலே கிடந்தது. அந்நூற்றாண்டின் மருத்துவம் எதைக் கவனித்தது, எதைத் தவறவிட்டது என்பதற்கு இதனினும் பொருத்தமான அடையாளம் கிடைப்பதரிது.

பிரிட்டனில் முதியோர் இல்லங்களின் வரலாறு வறியோர் விடுதிகளோடு பின்னிக்கிடக்கிறது. 1948ஆம் ஆண்டின் தேசிய உதவிச் சட்டம் பழைய வறியோர் சட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது. ஆனால் கட்டடங்களும் பழக்கங்களும் சட்டத்தோடு மறைந்துவிடவில்லை. பீட்டர் டவுன்சென்ட் என்னும் சமூகவியலார் 1950களின் இறுதியில் 173 இல்லங்களை நேரிற் கண்டு ஆராய்ந்து, 1962இல் ஒரு நூலை வெளியிட்டார். முதியோர் பலர் இன்னும் அதே பழைய விடுதிக் கட்டடங்களில், வரிசையான கட்டில்களில், செய்வதற்கு வேலையொன்றுமின்றி வாழ்ந்ததை அவர் வெளிப்படுத்தினார். அங்குள்ள பணியாளர்க்குக் கற்பிக்கப்பட்டவை பெரும்பாலும் உடலைப் பற்றியவை: குளிப்பாட்டுதல், உடுத்துதல், ஊட்டுதல், கழிப்பிடத்திற்கு அழைத்துச் செல்லுதல். இவை இழிவான வேலைகளல்ல. ஆயினும் முதியவரின் அச்சத்தையும் அழுகையையும் எவ்வாறு புரிந்துகொள்வதென்று அவர்களுக்குச் சொல்லித்தந்தவர் மிகச் சிலரே.

அமெரிக்காவில் இதற்கிடையே இரு முயற்சிகள் தோன்றின. ஜேம்ஸ் ஃபோல்சம் என்னும் மருத்துவர் தொடங்கிய முறையில், பணியாளர்கள் நாள், கிழமை, இடம் ஆகியவற்றை முதியோர்க்கு இடைவிடாது நினைவூட்டினர். இறந்துபோன தாயைத் தேடும் மூதாட்டிக்கு, தாய் இறந்த செய்தியை மீண்டும் மீண்டும் அறிவிக்கவும் இம்முறை சில இடங்களில் வழிவகுத்தது. ஒவ்வொரு முறையும் அது அவளுக்குப் புதிய துக்கமாயிற்று. முதியோர் இல்லமொன்றிலேயே வளர்ந்த நவோமி ஃபைல் இம்முறையைக் கைவிட்டு, முதியவரின் சொல்லுக்குப் பின்னுள்ள உணர்ச்சியை ஏற்று மறுமொழி கூறும் வழியை வகுத்து, 1982இல் நூலாக்கினார். தாயைத் தேடுபவளிடம் தாயைப் பற்றிக் கேட்பதே அவர் காட்டிய வழி.

கிட்வுட் இத்துறைக்கு வந்தது 1980களின் நடுப்பகுதியில். கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் பயின்றவர். உகாண்டாவில் ஆசிரியராய்ப் பணியாற்றியவர். பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் கற்பித்தவர். மூளையின் சேதத்திற்கும் மனிதரின் நிலைக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு உண்டென்னும் பொதுக்கருத்தை அவர் ஐயுற்றார். ஒருவரின் நிலை, மூளைச் சேதத்தோடு, அவரது இயல்பு, வாழ்க்கை வரலாறு, உடல்நலம், அவரைச் சூழ்ந்தோர் அவரை நடத்தும் விதம் ஆகிய யாவற்றாலும் உருவாகிறதென்று அவர் வாதிட்டார். இவற்றுள் இறுதியானது பணியாளரின் கையில் இருக்கிறது. ஆகவே பயிற்சி என்பது அவருக்கு நிருவாக விவகாரமாகத் தோன்றவில்லை. நோயின் போக்கையே தொடும் செயலாகத் தோன்றியது.

அவர் இங்கு துணைகொண்டவர் மார்ட்டின் பூபர். 1923இல் வெளிவந்த பூபரின் நூல் நம் வகுப்புகளில் பயிலப்படுவதே. நான்–நீ என்னும் உறவு, நான்–அது என்னும் உறவு ஆகிய இரண்டையும் கிட்வுட் இல்லத்தின் அன்றாட வேலைக்குப் பொருத்தினார். கழுவப்பட வேண்டிய உடலாகவும் நிரப்பப்பட வேண்டிய படிவமாகவும் முதியவரைக் காணும்போது அவர் 'அது' ஆகிவிடுகிறார். இதனைக் கேத்லீன் பிரெடின் என்பாரோடு இணைந்தெழுதிய கட்டுரைகளிலும், 1997இல் வெளிவந்த தமது பெருநூலிலும் விளக்கினார். 1992இல் பிராட்ஃபோர்டில் அவரது குழு ஒரு நிறுவனமாக உருப்பெற்றது.

முதியவரின் ஆளுமையைச் சிதைக்கும் செயல்கள் 17 என அவர் வகைப்படுத்தினார். ஏமாற்றுதல், குழந்தையைப்போல் நடத்துதல், அவர் தொடரமுடியாத வேகத்தில் பேசுதல், அவர் இருக்கும்போதே இல்லாதவர்போல் பிறரோடு உரையாடுதல், ஏளனம் செய்தல் என அப்பட்டியல் நீளுகிறது. இவற்றைக் கொடிய சமூக உளவியல் என அவர் அழைத்தாலும், செய்வோர் கொடியவர் என்று ஒருபோதும் கூறவில்லை. நல்லெண்ணமுடையோரே இவற்றைச் செய்கின்றனர்.

இதனை வாசித்தபோது நான் திடுக்கிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரைக் காணச் சென்றிருந்தேன். அவர் என்னை நோக்கி, "ஐயருக்கு எந்த ஊர்?" என்று மும்முறை கேட்டார். மூன்றாம் முறைக்குப் பின் நான் அவரைவிட்டு அவர் மகளிடம் திரும்பி, அவரது உறக்கம், உணவு, மருந்து ஆகியவற்றையெல்லாம் விசாரித்தேன். ஜெபத்திலும் அவரை 'இந்தத் தகப்பனார்' என்றே குறிப்பிட்டேன். புறப்படும்போது அவர் தட்டுத்தடுமாறி எழுந்து, வாசல்வரை வந்து என்னை வழியனுப்பினார். வீட்டுக்காரர் செய்யவேண்டியதை அவர் மறக்கவில்லை. போதகர் செய்யவேண்டியதை நான் மறந்திருந்தேன். பட்டியலின் 17இல் எத்தனை என் கணக்கில் சேரும் என்று எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

கிட்வுட் குழுவினர் வகுத்த பயிற்சிக் கருவி டிமென்ஷியா கேர் மேப்பிங் எனப்படும். பயிற்சி பெற்ற ஒருவர் இல்லத்தின் பொதுக்கூடத்தில் அமர்ந்து, ஒரு சில முதியோரைப் பல மணி நேரம் உற்றுநோக்குகிறார். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, அவர் என்ன செய்கிறார், எந்நிலையில் இருக்கிறார் என்று குறியீட்டெழுத்தால் பதிவு செய்கிறார். ஆறு மணி நேரத்தில் ஒருவருக்கு 72 பதிவுகள் கிடைக்கும். படுக்கையறைக்குள்ளும் குளியலறைக்குள்ளும் அவர் நுழைவதில்லை. பின்னர் அப்பதிவுகள் பணியாளர் கூட்டத்தில் குற்றச்சாட்டின்றி எடுத்துரைக்கப்படுகின்றன. நோயுற்றவரின் இருக்கையிலிருந்து அந்நாளைக் காண்பதே இதன் நோக்கம். காலைமுழுதும் எவரும் ஒரு சொல்லும் பேசாத முதியவர் ஒருவர் தம் கூடத்தில் இருந்தாரென்பதைப் பணியாளர் இங்கே எண்களாகக் காண்கின்றனர்.

இனி இறையியல் வினாவிற்கு வருவோம். ஆளுமை என்பது பிறர் உறவின் வாயிலாக ஒருவர்க்கு அளிக்கப்படும் தகுதி என்று கிட்வுட் வரையறுத்தார். கடவுள் சார்ந்த விளக்கம் உண்டென்பதை அவர் குறிப்பிடுகிறார். ஆயினும் அதன்மேல் தம் கட்டடத்தை எழுப்பவில்லை. பணியாளரை விழிப்படையச் செய்வதற்கு இவ்வரையறை வல்லமையுள்ளது. ஆனால் பிறர் அளிப்பது என்றால், பிறர் அளிக்க மறுக்கும்போது அது இல்லாமற்போகுமா? யாரும் வந்து பாராத முதியவர் ஆளுமையற்றவரா? ஸ்காட்லாந்தின் இறையியலார் ஜான் சுவின்டன் 2012இல் எழுதிய நூலில் இக்குறையைச் சுட்டி, மனிதர் கடவுளின் நினைவில் நிலைத்திருக்கின்றனர் என்னும் அடிப்படையை முன்வைத்தார். நான் சுவின்டனோடு உடன்படுகிறேன். எனினும் ஓர் எச்சரிக்கை: கடவுள் நினைக்கிறார் என்னும் கோட்பாட்டைக் கொண்டு நாம் போய்ப் பாராமலிருப்பதற்குச் சாக்குத் தேடுதல் எளிது. முதிர்ந்த வயதில் தள்ளிவிடாதிருக்கும்படி 71ஆம் சங்கீதக்காரன் மன்றாடுவது கடவுளிடமே. எனினும் அம்மன்றாட்டு சபையின் வழிபாட்டில், சபையார் செவிகேட்கப் பாடப்பட்டது.

பயிற்சியால் பயனுண்டா என்பது பின்னர் முறைப்படி ஆராயப்பட்டது. 2006இல் வெளியான ஆய்வில், இங்கிலாந்தின் 12 இல்லங்களுள் பத்து மாதம் பயிற்சியும் ஆதரவும் பெற்றவற்றில், மனநோய்க்கான மயக்க மருந்து உட்கொள்வோர் 23 விழுக்காட்டினர். பெறாதவற்றில் 42 விழுக்காட்டினர். இது சிறிய வேறுபாடன்று. இம்மருந்துகளால் பிரிட்டனில் ஆண்டுதோறும் 1,800 மிகைச் சாவுகள் நேர்வதாக 2009இல் அரசுக்களிக்கப்பட்ட அறிக்கை மதிப்பிட்டது. அதே ஆண்டு சிட்னியில் நடந்த ஆய்வும், மேப்பிங் முறையால் முதியோரின் மனக்கலக்கம் குறைந்ததெனக் கண்டது.

ஆனால் 2020இல் வெளியான பெரிய ஆய்வு வேறு முடிவைத் தந்தது. 50 இல்லங்களில் நடந்த இவ்வாய்வில், பயிற்சிக்கெனத் தேர்ந்த ஒவ்வோர் இல்லத்திலும் பணியாளர் இருவர் பயிற்றுவிக்கப்பட்டனர். முதியோர் நிலையில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படவில்லை. காரணத்தைத் தேடியபோது, ஒரு சுற்றுக்கு மேல் மேப்பிங்கை நிறைவேற்றிய இல்லங்கள் ஏறத்தாழக் கால்பங்கே என்பது தெரிந்தது. பயின்றோர் சிலர் வேலையை விட்டுச் சென்றனர். எஞ்சியோர் பலருக்கு அதற்கான நேரம் ஒதுக்கப்படவில்லை. இருவரை மூன்று நான்கு நாள் வகுப்பிற்கு அனுப்பிவிட்டு, அவர்கள் திரும்பி வந்து யாவற்றையும் மாற்றுவார்களென்று எதிர்பார்ப்பதை நம் சபை நிறுவனங்களிலும் காண்கிறோம். நல்ல விதையைக் குறைசொல்லுமுன் நிலத்தைப் பார்க்கவேண்டும்.

கிட்வுட் 1998இல், பேராசிரியர் பதவி பெற்ற சில மாதங்களுக்குள் காலமானார். அதே ஆண்டில் கொச்சியில் கூடிய ஆய்வாளர், நோயுற்றோரில் பெரும்பாலோர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும் அந்நாடுகளில் பத்தில் ஒரு பங்கு ஆய்வுகூட நடைபெறவில்லை என்று சுட்டி, 10/66 என்னும் குழுவை அமைத்தனர். நம் நாட்டில் பராமரிப்பு பெரும்பாலும் வீட்டில், மனைவி, மகள், மருமகள் ஆகியோர் தலைமேல் விழுகிறது. ஆகவே கோவாவில் 81 குடும்பங்களிடையே நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், பயிற்சி இல்லத்தைவிட்டு வீட்டிற்கு வந்தது. உள்ளூர் மொழி தெரிந்த, மேல்நிலைக் கல்வி முடித்த ஆலோசகர்கள் ஒரு வாரம் பயிற்றுவிக்கப்பட்டு, ஆறு மாத காலம் வீடுகளுக்குச் சென்று, நோயைப் பற்றி விளக்கி, பராமரிப்போரின் சொற்களைக் கேட்டனர். பராமரிப்போரின் மன உளைச்சல் அதனால் குறைந்தது. அவ்வாலோசகர்களுக்கு வேண்டியிருந்த கல்வித்தகுதி நம் சபைகளின் வேதாகமப் பெண்கள் பலருக்கும் வாலிபர் பலருக்கும் உண்டு.